காய்ச்சல் விட்ட பின் கால் போன கதை

பனியனில் ஓட்டை பார்ப்பது என் தொழில். நொய்யல் ஆற்றங்கரையில் எங்கள் ராயபுரத்து வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பனியன் கம்பெனி. தைத்து வந்த பனியன்களை மேசையில் விரித்து, உள்ளே கையை விட்டு, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, மிளகளவு ஓட்டை, எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. குறை இருந்தால் 'செகண்ட்ஸ்' என்று தனியாகத் தள்ளிவிடுவேன். நல்லதை மடித்து அடுக்குவேன். பழக்கதோஷம், இதே வேலையை வீட்டிலும் செய்தேன். என் வீட்டுக்காரரிடம் நாளைக்குப் பத்துக் குறையாவது கண்டுபிடிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவர் சிரித்துக்கொண்டே கேட்பார். "பாத்துச் சொல்லு புள்ள, செகண்ட்ஸ்ல தள்ளிப்போடாதே" என்பார்.

அவருக்கு நொய்யல் ஓரத்தில் இருந்த ஒரு சலவைப் பட்டறையில் வேலை. பனியன் துணியை ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு வெளுத்த பிறகு, பெரிய சிமென்ட் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் விட்டு, ஆள் உள்ளே இறங்கிக் காலால் மிதித்து அலச வேண்டும். ஈரத்துணி பாசி மாதிரி வழுக்கும். அதனால் இரண்டு பேர் எதிரெதிராக நின்று, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே மிதிப்பார்கள். நூறு ஆனதும் தண்ணீரைத் திறந்துவிட்டு மாற்றுவார்கள். இவருக்கு எதிரே நின்று மிதித்தவர் வயதில் மூத்தவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது என் வீட்டுக்காரரின் கால் ஊறி வெளுத்துச் சுருங்கிப் போயிருக்கும். "மூஞ்சி கருப்பு, காலு வெளுப்பு, ஏனுங் மாமா, யாரு காலை மாட்டிக்கிட்டு வந்தீங்க?" என்று கேலி செய்வேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தபோது, ஐம்பதுகளின் பின்பாதியில், ஊரெல்லாம் ஃப்ளூ காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு ஒருவராவது போர்வையைச் சுற்றிக்கொண்டு இருமினார். எங்கள் மடிப்பு மேசையில் பாதிப் பேர் வரவில்லை. வந்த நாங்களும் தும்மித் தும்மிப் பனியன் மடித்தோம். நாலாம் நாள் எனக்கும் வந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது, எலும்பெல்லாம் நொறுங்குகிற வலி. "கிட்ட வராதீங்க, ஒட்டிக்கும்" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? பக்கத்திலேயே உட்கார்ந்து, மிளகு ரசத்தை ஆற்றி ஆற்றி வாயில் ஊற்றினார். மூன்று நாளில் நான் எழுந்தேன், அவர் படுத்தார். அவருக்கும் நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டது. இருமல் மட்டும் கொஞ்ச நாள் நீடித்தது. வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம், ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்தார்.

"இன்னொரு செருப்பு எங்கீங்க?"

"கால்லதான் இருக்குது."

"எந்தக் கால்ல?"

குனிந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இன்று அதை நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மறுநாள் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். அதற்கு மறுநாள் தொட்டியில் மிதிக்கும்போது முழங்கால் மடங்கித் தண்ணீருக்குள் விழுந்தார். அண்ணன்தான் தூக்கினார். மூன்றாம் நாள் காலையில் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. இரண்டு காலும் மரக்கட்டை. மத்தியானத்துக்குள் கையிலும் பிடிமானம் போய், தண்ணீர் டம்ளர் நழுவிக் கீழே விழுந்தது.

அவ்வளவுதான். நான் பட்டறைக்கு ஓடினேன். அத்தனை ஆட்களும் பார்க்க, முதலாளி முன்னால் நின்று கத்தினேன். "எங்கூட்டுக்காரர் காலை உங்க மருந்துத் தண்ணி தின்னுபோட்டுதுங்க! நீங்க நல்லா இருப்பீங்களா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது. அந்த மனிதர்தான் வாடகைக் கார் ஒன்றை வரவழைத்து, அண்ணனையும் கூட ஏற்றி, எங்களைக் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே ஒரு டாக்டர், ஒல்லியான மனிதர், சின்னச் சுத்தியலால் இவர் முழங்காலுக்குக் கீழே தட்டினார். என் காலில் தட்டிக் காட்டினார், என் கால் தானாக எம்பியது. இவர் கால் அசையவே இல்லை. ஊசி முனையால் பாதத்தைக் குத்தி, "குத்துதா?" என்றார். "இல்லீங்க." முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் டாக்டர் கேட்டார்: "சமீபத்தில சளி, காய்ச்சல் ஏதாவது வந்துதா?"

இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்தினேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். தொட்டித் தண்ணியில நின்னு நின்னு வந்த சீக்குங்க."

டாக்டர் என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்தார். "வந்துச்சுங்க, ரெண்டு வாரத்துக்கு முந்தி" என்றார் அவர்.

"அதுதான். காய்ச்சல் போயிடும், போன பிறகு ரொம்ப அபூர்வமா சிலருக்கு நரம்பு இப்படி அடிபடும். ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. கரண்ட் கம்பி மேல சுத்தியிருக்கிற உறை உரிஞ்சு போன மாதிரி வெச்சுக்குங்க. கம்பி அறுந்துடலே. உறை திரும்ப வளரும். மாசக்கணக்கா ஆகும்."

அண்ணனுக்கு உயிர் வந்தது. எனக்குத் திக்கென்றது. காய்ச்சலால் வந்ததென்றால், காய்ச்சல் எங்கிருந்து வந்தது? கம்பெனி மேசையிலிருந்து அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தவள் யார்? யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்: டாக்டர் படித்தவர், நல்லவர், ஆனாலும் தொட்டியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

அதற்குப் பின் வந்த நாட்களில் நெஞ்சுக்கூடும் சோர்ந்தது. காலையிலும் சாயங்காலமும் டாக்டர் வந்து, ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று எண்ணச் சொல்வார். தொட்டியில் நூறு நூறாக எண்ணின மனிதர். முதல் நாள் முப்பது வரை போனார். அடுத்த நாள் இருபத்தொன்று. அப்புறம் பதினைந்து. அதற்கடுத்த நாள் பதினொன்றில் நின்று, மீன் மாதிரி வாயைத் திறந்தார். டாக்டர் முகம் மாறியது. நான் வராந்தாவுக்குப் போய், முருகா, இவருக்கு மூச்சைக் கொடு, காலைக்கூட நீயே வைத்துக்கொள் என்று வேண்டினேன். இரண்டு நாள் அதே பதினொன்று. மூன்றாம் நாள் பதினாலு. அன்றைக்குத்தான் நான் சோறு தின்றேன். உடனே இன்னொரு தடவை வேண்டிக்கொண்டேன்: மூச்சைக் கொடுத்துவிட்டாய் முருகா, அன்றைக்கு அவசரத்தில் காலைப் பற்றிச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஒரு மாதம் போல இருந்து வீட்டுக்குத் திரும்பினோம். கைக்குப் பலம் வந்திருந்தது. கால் வரவில்லை. தினமும் காலை மடக்கி நீட்ட வேண்டும், கீழே ஊன்ற வைக்க வேண்டும், படுக்கையிலேயே போட்டு வைத்தால் மூட்டு இறுகிவிடும் என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

நான் அதற்கு நேர்மாறாகச் செய்தேன். காலில் ஈரமே படக்கூடாது. கம்பெனியிலிருந்து பனியன் வேஸ்ட் துணியைக் கேட்டு வாங்கிவந்து, இரண்டு காலையும் முழங்கால் வரை சுற்றி வைத்தேன். குளிக்க வைக்கும்போதுகூட மேலுக்குத்தான் தண்ணீர், காலுக்கு வெறும் துணித் துடைப்பு. அவர் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டால், "தரை குளுந்து கெடக்குது, எடுங்க மேல" என்று அதட்டுவேன். வருகிற உறம்பரை, சொந்தக்காரரிடமெல்லாம் தொட்டியைத் திட்டுவேன். தொட்டியைத் திட்டத் திட்ட, என் மேல் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கினதுபோல இருக்கும்.

டாக்டரிடம் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன், என் ஊக்கைக் கழற்றி அவர் பாதத்தில் குத்திப் பார்ப்பேன்.

"குத்துதுங்களா?"

ஆரம்பத்தில் இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டே, "குத்துது புள்ள" என்றார். எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். மறுநாளும் குத்துது என்றார். அதற்கு மறுநாள், என் குறை பார்க்கிற புத்தி சும்மா இருக்குமா? ஊக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு, காலைத் தொடாமலே, "குத்துதுங்களா?" என்றேன்.

"ஆமா, நல்லா குத்துது."

ஊக்கை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கூரையிலிருந்து கண்ணை இறக்கி, ஊக்கு இருந்த இடத்தைப் பார்த்தார்.

"நீ வெசனப்படறயேன்னு சொன்னேன்" என்றார். திரும்பவும் கூரையைப் பார்த்துக்கொண்டு, "நான் இனிமே செகண்ட்ஸ்தான் புள்ள. தனியாத் தள்ளிப்போடு" என்றார்.

வந்ததே கோபம் எனக்கு! "என்ன செகண்ட்ஸுன்னு சொல்ல நீங்க யாருங்க? பாத்துச் சொல்றது என்ற வேலை!" என்று கத்திவிட்டு, அடுப்படியில் போய் அழுதேன். அவர் இனி எழுந்து நடப்பாரா மாட்டாரா என்பதைத் தவிர, அந்த நாட்களில் எனக்கு உலகத்தில் வேறு கேள்வியே இல்லை.

அடுத்த மாதத்தில் ஒரு நாள், சலவைப் பட்டறைக்கு விடுமுறை. என் கம்பெனியில் மட்டும் மத்தியானம் வரை வேலை இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டில் காலி. அவிழ்த்துப்போட்ட வேஸ்ட் துணி மட்டும் கிடக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "பட்டறை அண்ணன் துணி ஏத்தற வண்டியில படுக்க வெச்சுக் கூட்டிப்போனாரு. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னு உன்ற வீட்டுக்காரர்தான் சொன்னாரு."

கொண்டை அவிழ்ந்தது தெரியாமல் ஓடினேன். பட்டறையில் ஆளில்லை. துணி காயப்போடுகிற கயிறெல்லாம் வெறுமனே கிடந்தது. கடைசித் தொட்டியில் நெஞ்சளவு தண்ணீர், உள்ளே அவரும் அண்ணனும் எதிரெதிராக நின்றுகொண்டு.

"அட கெரகமே! ஒரு சொட்டு ஈரம் படாம நான் பொத்திப் பொத்தி வெச்சிருக்கறேன், நீங்க தொட்டியிலயே கொண்டாந்து எறக்கிப்போட்டீங்களா! ஏனுங்ணா, உங்களுக்கு அறிவிருக்குதா?"

அண்ணன் அசையவில்லை. "கத்தறதச் சித்த நிறுத்திப்போட்டு அவன் காலைப் பாரு அம்மிணி."

பார்த்தேன். துணியில்லை, மருந்தில்லை, தெளிந்த கிணற்றுத் தண்ணீர். அடியில் அவருடைய குச்சிக் கால்கள் தெரிந்தன. வலது கால் மெல்ல எழும்பியது, இறங்கியது. இடது கால் எழும்பியது, இறங்கியது. "முப்பத்தி ரெண்டு... முப்பத்தி மூணு..." என்று எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எண்ணுவதை நிறுத்தவில்லை.

அண்ணன் சொன்னார்: "முப்பது வருசமா இதுக்குள்ள நிக்கறேன். ஊறின துணி தொட்டிக்குள்ள கெடக்கறப்ப பாரமே தெரியாது. வெளிய தூக்கறதுக்கு ரெண்டாளு வேணும். துணி பாரத்தை வாங்கிக்கற தண்ணி மனுசன் பாரத்தை வாங்காதா? அதான் மொதலாளிகிட்டச் சொன்னேன். அவரே நேத்துத் தொட்டியத் தேச்சுக் கழுவச் சொல்லிச் சாவியக் குடுத்தாரு."

"நான் திட்டுன மொதலாளியா?"

"அவரேதான்."

"தண்ணிதானுங்ணா காலைத் தின்னுச்சு..."

"தண்ணி திங்கறதா இருந்தா என்ற காலைத்தான மொதல்ல தின்னிருக்கோணும்?"

இத்தனை மாதமும் இதே கேள்வி எனக்குள்ளேயும் இருந்தது. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அடைத்து வைத்திருந்தது ஒரேயடியாக வெளியே வந்தது. "அப்படீன்னா நான்தான! நான்தான கொண்டாந்து குடுத்தேன்! என்ற காய்ச்சல்தான உங்க காலை எடுத்துச்சு!"

அவர் எண்ணுவதை நிறுத்தினார்.

"இதுக்குத்தானா புள்ள இத்தனை நாளாத் தொட்டியத் திட்டிக்கிட்டிருந்தே?"

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"ஊருக்கே வந்துச்சு. உங்கிட்ட இருந்து வரலீன்னா டீக்கடையில இருந்து வந்திருக்கும். வராதீங்கன்னு நீ சொன்னே, நாந்தான் பக்கத்துல வந்து உக்காந்தேன். மறுக்கா அந்த ரசத்தை ஊத்தச் சொன்னாலும் ஊத்துவேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "இப்ப அண்ணனுக்குத் தோளு வலிக்குது. நீ எறங்கறயா?"

பெண்பிள்ளைகள் தொட்டியில் இறங்கி நான் பார்த்ததில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. அண்ணன் நகர்ந்துகொள்ள, அவர் இரண்டு கையையும் என் தோளில் போட்டார். நான் அவர் தோளைப் பிடித்தேன். "ஒண்ணு" என்றார். "ஒண்ணு" என்றேன். நாற்பதுக்குப் பக்கத்தில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து எண்ணைத் தவறவிட்டேன். "எண்ணிக்கைய உட்டுட்டே. செகண்ட்ஸ். மறுக்கா மொதல்ல இருந்து" என்றார் அந்த மனிதர், பல்லெல்லாம் தெரிய.

அன்றிலிருந்து சாயங்காலங்களில் வேலை முடிந்ததும் எனக்குத் தொட்டிதான். முதலாளியிடம் போய், அன்று திட்டினதற்கு மன்னிச்சுக்குங்க என்றேன். "அட, நீ ஒருநாள்தானம்மா திட்டினே. எங்கூட்ல தெனமும் நடக்கறது" என்று சிரித்துவிட்டுப் போனார். நெஞ்சு மட்டும் இருந்த தண்ணீரை இடுப்பு மட்டும் குறைத்தோம், பிறகு முழங்கால் மட்டும். தண்ணீர் குறையக் குறைய அவர் பாரம் அவர் காலுக்கே திரும்பி வந்தது. ஒரு நாள் தொட்டிக்கு வெளியே, கயிற்றுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் கோல் ஊன்றினார். அப்புறம் கோலை மறந்துவிட்டு வந்தார். அதற்கும் திட்டினேன், கோல் தொலைந்துவிட்டதே என்று.

மிதிக்கிற வேலை இனி வேண்டாம் என்று முதலாளி, காய்ந்த துணியைப் பிரித்து அடுக்குகிற வேலை கொடுத்தார். நடந்தார், ஏறினார், இறங்கினார். பாதம் மட்டும் செத்தே கிடந்தது. செருப்பு கழன்று விழுவதே தெரியாமல் நடந்துபோவார். தெருவில் எல்லோருக்கும் அவர் செருப்பு தெரியும். மளிகைக் கடைக்காரர் கூப்பிட்டு, "உங்கூட்டுச் செருப்பு இங்க கெடக்குதுங்க" என்று கொடுப்பார். காலையில் ஊக்கு குத்துவதை நான் விடவில்லை. அவரும் குத்துது என்பதை விடவில்லை. அவர் பொய்யை நான் நம்பினதுபோல வைத்துக்கொள்வேன், வேலைக்கு நேரமாகிவிடும்.

காய்ச்சல் வந்து ஒரு வருஷம் தாண்டியிருக்கும். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பி, ஆற்றோரப் பொட்டல் வழியாகப் போய்க்கொண்டிருந்தோம். அவர் முன்னால், நான் சோற்றுத் தூக்குப்போசியோடு பின்னால். வழக்கம்போல ஒற்றைச் செருப்பு தடத்தில் கிடந்தது. "இந்த மனுசனுக்கு ஆணியடிச்சுத்தான் மாட்டோணும்" என்று முனகிக்கொண்டு குனிந்தேன்.

"ஆ!"

நிமிர்ந்தால், அவர் வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறார்.

"முள்ளு! முள்ளு குத்தீருச்சு புள்ள!"

ஓடிப்போய் உட்கார்ந்து காலைப் பிடித்தேன். குதிகாலில் நெருஞ்சி முள், நன்றாக இறங்கியிருந்தது.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது, புடுங்கு!"

"நெசமாலுமா? நான் வெசனப்படறேன்னு சொல்றீங்களா?"

"உசுரு போகுது! புடுங்கு புள்ள!"

நான் பிடுங்கவில்லை. கட்டைவிரலால் அந்த முள்ளை இன்னொரு தடவை அழுத்தினேன். ஆற்றுக்கு அக்கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினார். அந்தக் காலை அப்படியே நெஞ்சோடு கட்டிக்கொண்டு, நட்டநடுப் பொட்டலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மேலேயிருந்து என் தலையில் கை வைத்தார்.

"முள்ள எடுத்துப்போட்டு அழு புள்ள" என்றார்.